அந்தப் பதிவு எங்கே போச்சு?

2011 மே 2. பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகிறது. விழித்திருந்த மென்பொருள் நிபுணர் ஒருவர், ஊருக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றுகிறது, இந்த நேரத்தில் இங்கே இது அபூர்வம் என்று ட்விட்டரில் எழுதினார். சற்று நேரத்தில், ஜன்னல் அதிர ஒரு சத்தம் கேட்டது என்றும் எழுதினார். ஒசாமா பின்லேடனைத் தேடி அமெரிக்கப் படை அதே ஊரில் இறங்கியிருந்தது அவருக்குத் தெரியாது. ஒபாமா தொலைக்காட்சியில் தோன்றி அறிவிக்க இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

இப்போது அந்தப் பதிவைத் தேடிப் பாருங்கள். ‘ஒசாமா’ என்று அடித்தால் வந்து குவிகிற குப்பையில் இது இருக்காது. இருக்கவும் முடியாது, அதில் ஒசாமாவின் பெயரே இல்லை. சரி, தேதியைக் கொடுத்துப் பிடிக்கலாம் என்று மே 2 முதல் தேடினாலும் சிக்காது. ட்விட்டரின் தேதித் தேடல் கிரீன்விச் நேரக் கணக்கில் நடக்கிறது. அபோட்டாபாத்தில் மே 2 பிறந்துவிட்ட அந்த வேளையில், அந்தக் கணக்கில் இன்னும் மே 1 இரவு எட்டு மணிதான். ஹெலிகாப்டர், அபோட்டாபாத், மே 1 என்று மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறவருக்குத்தான் அது கண்ணில் படும்.

சமூக வலைதளங்களில் தேடத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தெரியாதவர்கள் மறுநாள் பேப்பரில் வந்த தலைப்பைத் தேடுகிறார்கள். தெரிந்தவர்கள், சம்பவம் நடந்தபோது அங்கே நின்றவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசிக்கிறார்கள். கருவிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர்கள் உண்டு. 2014 ஜூலை 17 அன்று உக்ரைனின் கிழக்கே மலேசிய விமானம் எம்.எச். 17 சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் இறந்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் எலியட் ஹிக்கின்ஸ் என்ற பிரிட்டன்காரர் ‘பெல்லிங்கேட்’ என்ற புலனாய்வுக் குழுவைத் தொடங்கியிருந்தார். அந்தப் பகுதிச் சாலைகளில் ஒரு லாரி ஏவுகணை வண்டியை ஏற்றிக்கொண்டு போவதை உள்ளூர்க்காரர்கள் வேடிக்கையாகப் படம்பிடித்துப் போட்டிருந்த பதிவுகளை அந்தக் குழு பொறுக்கி எடுத்தது. வண்டியின் பக்கவாட்டில் இருந்த நசுங்கல்களையும் குறிகளையும் பழைய படங்களோடு ஒப்பிட்டு, அது ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரில் உள்ள 53ஆவது வான்பாதுகாப்புப் படைப்பிரிவின் வண்டி என்று நிறுவியது. படம் எடுத்தவர்களில் எவரும் ‘விமானத்தை வீழ்த்திய ஏவுகணை’ என்று தலைப்புப் போட்டிருக்கவில்லை. ரோட்டில் போன ஒரு வினோத லாரி, அவ்வளவுதான் அவர்களுக்கு.

பூதக்கண்ணாடி காட்டுவது என்ன?

எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஒரு பூதக்கண்ணாடிப் படம் இருக்கிறது. அதைத் தொட்டதும் தேடல் நடப்பதாக நம்புகிறோம். நடப்பது பெரும்பாலும் பரிந்துரை. எதை அதிகம் பேர் பார்த்தார்களோ, எதைக் காட்டினால் நீங்கள் இன்னும் பத்து நிமிடம் உள்ளேயே இருப்பீர்களோ, அது மேலே வரும். எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் முதலில் திறப்பது ‘டாப்’ பகுதி. பக்கத்திலேயே ‘லேட்டஸ்ட்’ என்று ஒன்று உண்டு. உண்மையில் தேட வேண்டுமென்றால் கை முதலில் போக வேண்டியது அங்கே. ஃபேஸ்புக்கில் ‘போஸ்ட்ஸ்’ என்ற வடிகட்டிக்குள் போனால் அண்மைப் பதிவுகள் மட்டும், குறிப்பிட்ட ஆண்டு மட்டும், நீங்கள் ஏற்கெனவே பார்த்தவை மட்டும் என்று பிரிக்கலாம். இதில் கடைசி வசதி அருமையானது. “போன வாரம் பார்த்தேனே, அந்தப் பதிவு எங்கே போச்சு?” என்று புலம்புகிற பாதிப் பேருக்கு அது ஒன்றே போதும். ஆனால் அது அங்கே இருப்பதையே பலர் கவனித்ததில்லை.

எக்ஸ் தளத்தின் ‘அட்வான்ஸ்டு சர்ச்’ பக்கம் மொபைல் ஆப்பில் கிடையாது, பிரவுசரில்தான் கிடைக்கும். அந்தப் பக்கம் இல்லாமலும் வேலை நடக்கும். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, ஒருவருடைய கணக்குப் பெயரை ஒட்டி அடித்தால் அவர் எழுதியவை மட்டும் வரும். ‘டூ’ என்றால் அவருக்கு மற்றவர்கள் எழுதியவை. ‘சின்ஸ்’ போட்டால் அந்தத் தேதியிலிருந்து, ‘அன்டில்’ போட்டால் அந்தத் தேதிக்கு முன்புவரை. இந்த அன்டிலில்தான் பலர் வழுக்குவார்கள். அதில் கொடுக்கிற தேதி சேர்த்தி இல்லை. 2015 டிசம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாள் பதிவுகள் வேண்டுமானால் அன்டிலில் 2015-12-03 என்று கொடுக்க வேண்டும். நமக்குக் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் பொழுது விடிகிறது என்பதால், அதிகாலைச் சம்பவம் என்றால் முதல் நாளையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

யூடியூப் தேடல் பெட்டியும் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற இரண்டு சொற்களுக்கும் இதே பாணியில் கட்டுப்படும். ஒரு வீடியோ ‘நேற்று நடந்தது’ என்று சுற்றினால், அதே சொற்களோடு நேற்றைக்கு முந்தைய தேதியை ‘பிஃபோர்’ போட்டுத் தேடிப் பாருங்கள். பலமுறை மூன்று வருடம் பழைய மூலம் எட்டிப்பார்க்கும்.

இன்னொரு சின்ன சூட்சுமம். ட்வீட் இணைப்பின் வாலில் ஒரு நீண்ட எண் இருக்குமே, 2010 நவம்பருக்குப் பிந்தைய பதிவுகளில் அது வெறும் வரிசை எண் இல்லை. பதிவு எழுதப்பட்ட நேரம் மில்லிசெகண்டு சுத்தமாக அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியை மாற்றி ஏமாற்றலாம், இந்த எண்ணை மாற்றினால் இணைப்பே திறக்காது.

தமிழில் தேடுவது தனிக்கலை

மேலே சொன்னதெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். நமக்கென்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை.

2015 டிசம்பர் 1 சென்னை வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டு அடையாறு பொங்கியது. அந்த இரவில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மக்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். ‘வேளச்சேரி வெள்ளம்’ என்று அடித்தால் கிடைப்பது செய்தி நிறுவனங்களின் பதிவுகள்தான். முழங்கால் தண்ணீரில் நிற்கிறவன் ‘வெள்ளப்பெருக்கு’ என்று டைப் செய்ய மாட்டான். ‘எங்க தெருவுல தண்ணி’, ‘வீட்டுக்குள்ள வந்துருச்சு’, ‘கரண்ட் இல்ல’, ‘சார்ஜ் 10 பர்சன்ட்தான் இருக்கு’ என்பான். ஆகவே, எங்க, இப்பதான், வந்துருச்சு போன்ற வீட்டுப் பேச்சுச் சொற்களோடு ஊர்ப்பெயரைச் சேர்க்க வேண்டும்.

ஊர்ப்பெயரும் லேசில் அடங்காது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வேளச்சேரி, வேளச்சேரியில், வேளச்சேரிக்கு, பேச்சுவழக்கில் வேளச்சேரில. நமக்கு இது ஒரே ஊர். முழுச்சொல்லை அப்படியே பொருத்திப் பார்க்கிற தேடலுக்கு நான்கு வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை கிடையாது, அங்கே ‘இன்’ தனியாக நிற்கும். ஆகவே நான்கையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஆர்’ என்று கொடுத்துத் தேட வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் அதையும் ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு சொதப்பிவிடும்.

அடுத்தது தங்கிலீஷ். அவசரத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அங்கே எழுத்துக்கூட்டலுக்கு அரசன் கிடையாது. மழையின் ழகரத்துக்கு ஒருவர் இஸட்டும் ஹெச்சும் போடுவார், ஒருவர் ஒற்றை எல், இன்னொருவர் இஸட் மட்டும். தண்ணியின் முதலெழுத்தில் ஹெச் வரும், வராது. எக்ஸ் தளத்தில் ‘லாங்’ என்ற சொல்லோடு தமிழுக்கான டி.ஏ. குறியைச் சேர்த்தால் தமிழ்ப் பதிவுகள் மட்டும் வரும் என்பது சரிதான். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் பெரும்பாலும் அந்த வலையில் விழாது. அந்த வடிகட்டியை மட்டும் நம்பி ‘தமிழ் ட்விட்டரில் யாரும் இதைப் பேசவில்லை’ என்று முடிவு கட்டுகிற ஆய்வுகளை நான் மதிப்பதில்லை.

ஊருக்கு எத்தனை பெயர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூர், கோவை, ஆங்கிலத்தில் சி.பி.ஈ. என்ற மூன்றெழுத்து. இலங்கைச் செய்தி என்றால் யாழ்ப்பாணத்தோடு வெறும் ‘யாழ்’ என்றும், மட்டக்களப்போடு ‘மட்டு’ என்றும், திருகோணமலையோடு ‘திருமலை’ என்றும் தேடிப் பார்க்க வேண்டும். ஜாஃப்னா, பட்டிக்கலோவா, டிரிங்கோமலி எல்லாம் தனி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ‘திருமலை’ என்று தேடினால் ஏழுமலையான் தரிசன நேரம்தான் முதலில் வரும். அங்கேதான் மைனஸ் குறி கைகொடுக்கும். வேண்டாத சொல்லுக்கு முன் ஒரு மைனஸ் போட்டு திருப்பதியைக் கழற்றிவிடலாம்.

அந்த 2015 வெள்ளம் இன்னொன்றையும் காட்டியது. உதவி கேட்டு முகவரியோடு போடப்பட்ட பதிவுகள், ஆட்களை மீட்டுக் கரைசேர்த்த பிறகும் பகிரப்பட்டுக்கொண்டே இருந்தன. நல்ல மனதோடுதான் பகிர்ந்தார்கள். ஆனால் ஒரு படகு போக வேண்டிய இடம் அதனால் தவறிப்போகலாம். தன்னார்வலர்கள் விரிதாள் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் போன் அடித்து, ‘முடிந்தது’ என்று குறிக்க வேண்டியிருந்தது. ‘லேட்டஸ்ட்’ பகுதியில் அதே முகவரியைத் தேடிப் பார்த்துவிட்டுப் பகிர்ந்திருந்தால் அந்த வேலையில் பாதி குறைந்திருக்கும்.

நியூஸ் கார்டு என்னும் வேஷம்

தமிழ்ச் சூழலில் பொய் அதிகம் பயணம் செய்கிற வாகனம் நியூஸ் கார்டு. டிவி சேனலின் லோகோ, ஓரத்தில் தேதி, நடுவில் தலைவரின் படம், அவர் சொன்னதாக இரண்டு வரி. எழுத்துகள் படத்துக்குள் இருப்பதால் சாதாரணத் தேடலுக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. வழி இருக்கிறது. கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கும். அதிலிருந்து அந்த வரியை எடுத்து, முழுவதையும் போடாமல், வேறெங்கும் வராத மூன்று நான்கு சொற்களை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத் தேடுங்கள். பிறகு எக்ஸில் அந்தச் சேனலின் கணக்குப் பெயரை ‘ஃப்ரம்’ போட்டு, கார்டில் உள்ள தேதியைக் கொடுங்கள். அன்றைக்கு அவர்கள் போட்ட கார்டுகள் வரிசையாக வரும். பல நேரம் அசல் கார்டே கிடைத்துவிடும்: அதே படம், அதே நிறம், வேறு வாசகம். அசலை வைத்துப் பார்த்தால் எழுத்துருவின் வித்தியாசம் முகத்தில் அறையும்.

புகைப்படத்துக்கு லென்ஸோடு ‘டின்ஐ’ என்ற பழைய தளத்தையும் பாருங்கள். 2008லிருந்து இருக்கிறது. கிடைத்தவற்றை மிகப் பழையதிலிருந்து வரிசைப்படுத்திக் காட்டும் வசதி அதில் உண்டு, நமக்கு வேண்டியதும் அதுவே. வீடியோவுக்கு ‘இன்விட்’ என்ற பிரவுசர் இணைப்பு காட்சிகளைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துக் கொடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடலாம்.

இதெல்லாம் பொழுதுபோகாதவர்களின் வேலை என்று நினைப்பவர்கள் 2023 மார்ச் மாதத்தை நினைத்துப்பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று வட இந்தியாவில் வீடியோக்கள் பரவின. பிகார் அரசு விசாரிக்கக் குழு அனுப்பும் அளவுக்குப் போனது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். சுற்றிய இரண்டு வீடியோக்களும் முன்பே நடந்த சம்பவங்கள். ஒன்று திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையில் நடந்தது. அப்போது ஹோலியும் நெருங்கியிருந்தது. பண்டிகைக்கு ஊர் திரும்பிய கூட்டத்தை, ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று ரயில் நிலையப் படத்தோடு போட்டார்கள். ஊர்ப்பெயரையும் தேதியையும் கொடுத்து அரைமணி நேரம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த அரைமணி நேரத்தைப் பெரிய பத்திரிகைகளே செலவிடவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது இதற்கும் ஒரு குறுக்குவழி வந்திருக்கிறது. எக்ஸ் தளத்தில் எந்தப் பதிவுக்குக் கீழேயும் ‘குரோக், இது உண்மையா?’ என்று அந்தத் தளத்தின் ஏ.ஐ. உதவியாளரிடம் கேட்கிறார்கள். 2025 மே மாதம் அந்த குரோக், வேறு எதையோ கேட்ட பலரிடமும் தென்னாப்பிரிக்க வெள்ளையர் இனப்படுகொலை என்று சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கியது. அனுமதியில்லாமல் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. வழி சொல்ல அதைக் கேளுங்கள், தீர்ப்புக் கேட்காதீர்கள்.

வாட்ஸ்அப் ஒரு மூடிய வீடு. உங்களுக்கு வந்தவற்றுக்குள் படம், இணைப்பு, ஆவணம் என்று பிரித்துத் தேடலாம், அதற்கு மேல் கதவு இல்லை. அங்கே வருவது பெரும்பாலும் வேறு தளத்திலிருந்து இறக்கியது என்பதால், மூலத்தை வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

தீபாவளிப் புடவைக்கு ஒரு சோதனை

பண்டிகைக்கு முந்தைய மாதம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காஞ்சிபுரம் பட்டு 999 ரூபாய் என்று விளம்பரம் வரும். பணம் போன பிறகு பேஜும் காணாமல் போகும். வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய தேடல் ஒன்று இருக்கிறது. அந்தப் பேஜின் விவரப் பகுதியில் ‘பேஜ் டிரான்ஸ்பரன்சி’ என்று இருப்பதைத் தொடுங்கள். பேஜ் எப்போது உருவானது, முன்பு என்னென்ன பெயர்களில் இருந்தது என்று வரும். சில பேஜ்களுக்கு, அதை நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் வரும். மூன்று வாரம் முன்பு பிறந்த ‘பாரம்பரியப் பட்டு மாளிகை’யா, போன வருடம் கிரிக்கெட் மீம்ஸ் பேஜாக இருந்து பெயர் மாறியதா என்று தெரிந்துவிடும். அவர்கள் கொடுத்த போன் நம்பரை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். புடவைப் படத்தை லென்ஸில் போட்டால், வேறு நிஜமான கடையின் படத்தைத் திருடியிருப்பதும் பல நேரம் வெளிவரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும்.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ‘ஆட் லைப்ரரி’யை யார் வேண்டுமானாலும், கணக்கே இல்லாமலும் பார்க்கலாம். ஒரு பேஜ் இந்த நிமிடம் ஓட்டிக்கொண்டிருக்கும் எல்லா விளம்பரங்களும் அங்கே இருக்கும். அரசியல் விளம்பரம் என்றால் யார் பணம் கொடுத்தது, எவ்வளவு என்ற உத்தேசக் கணக்கோடு ஏழு ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் உங்கள் தொகுதியில் யார் பெயரில் யார் செலவழிக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல ஜன்னல் இல்லை.

ஆனால் எந்த ஜன்னலும் நிரந்தரமில்லை. ட்விட்டரிடம் தொடக்கத்தில் நல்ல தேடலே கிடையாது. 2008இல் ‘சமைஸ்’ என்ற சின்ன நிறுவனத்தை வாங்கித்தான் தன் தேடலை அமைத்துக்கொண்டது. 2023இல் இலவசத் தரவு வாசலை அடைத்தது. உள்நுழையாமல் தேடும் வசதியும் போனது. ஃபேஸ்புக் 2013இல் ‘கிராஃப் சர்ச்’சை அறிமுகப்படுத்தியது. இன்ன ஊரில் வாழ்கிற, இன்னதை விரும்புகிற நண்பர்கள் என்று வாக்கியமாகவே கேட்கலாம். அந்தரங்கம் பறிபோகிறது என்ற எதிர்ப்பில் நியாயம் இருந்தது. 2019இல் அதன் மிச்சமும் முடக்கப்பட்டபோது, போர்க்குற்றங்களை ஆவணப்படுத்திக்கொண்டிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். எந்தப் பதிவு எங்கே எப்படிப் பரவுகிறது என்று பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய ‘கிரவுட்டேங்கிள்’ 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. ஆகவே, முக்கியமான பதிவு கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாதீர்கள். இணைப்பைக் குறித்துவைத்து, இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் அதைச் சேமித்துவிடுங்கள். அது ஏற்க மறுக்கும் பக்கங்களும் உண்டு, முயற்சி செய்வதில் நஷ்டமில்லை.

மாப்பிள்ளையைத் தேடும்போது

இந்தத் திறமை இன்று நம் வீடுகளில் அதிகம் பயன்படுவது வரன் பார்க்கத்தான். ஜாதகம் வந்த மறுநிமிடம் பெண்ணின் சித்தி மகன் இன்ஸ்டாகிராமில் இறங்கிவிடுகிறான். குடிக்கிறானா, யாரோடு படம் எடுத்திருக்கிறான் என்று ஏழு வருடம் பழைய டேக் வரை தோண்டுகிறார்கள். வேலை, ஊர், ஏற்கெனவே திருமணம் ஆனவரா என்பதைச் சரிபார்ப்பதில் தப்பில்லை. அதற்கு மேல் தோண்டுவது எனக்கு ஒப்பவில்லை.

ஒப்பாததற்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை, தவறும் வாய்ப்பு மிக அதிகம். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ரெடிட் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் படங்களை ஒப்பிட்டு, காணாமல்போயிருந்த ஒரு கல்லூரி மாணவர்தான் குற்றவாளி என்று கை காட்டினார்கள். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில நாட்களில் அவரது உடல் கிடைத்தது. அந்த நாட்களில் அவர் குடும்பம் பட்ட பாட்டுக்கு ரெடிட் மன்னிப்புக் கேட்டது.

தமிழ்ப் பெயர்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். கார்த்திக், கார்த்திக் எஸ், அப்பா பெயரை விரித்து கார்த்திக் சுப்பிரமணியன், ஊரைச் சேர்த்து கார்த்திக் சேலம் என்று ஒரே ஆள் நான்கு தளத்தில் நான்கு விதமாக இருப்பார். வேறு நான்கு பேர் ஒரே விதமாக இருப்பார்கள். பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், படித்த கல்லூரி, முடித்த ஆண்டு, வேலை செய்யும் ஊர் ஆகியவற்றில் இரண்டாவது சேர்ந்து பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினாலும், கையில் பீர் பாட்டிலோடு நிற்பவர் அவர்தானா, பக்கத்தில் டேக் செய்யப்பட்ட நண்பரா என்பதைப் படம் சொல்லாது. சந்தேகம் இருந்தால் மாப்பிள்ளையிடமே கேட்டுவிடலாம், அவர் நம்பர் ஜாதகத்தோடு வந்திருக்கும்.